பரிசோதிக்காமல் எழுதும் பூஜ்ஜியம்

தாய்சேய் நலப் பணியையும் பால்வினை நோய்த் தடுப்புப் பணியையும் தமிழ்நாட்டில் மாநில அளவில் நடத்தும் அதிகாரிகளுக்கு,

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். என்னோடு வேலை பார்த்து இப்போதும் பணியில் இருக்கும் ஒரு தங்கை போன மாதம் சொன்ன விஷயம்தான் இந்த மடலை எழுத வைத்தது. அவருடைய துணை சுகாதார நிலையத்துக்கு, சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான பரிசோதனைக் கிட் சில மாதங்களாக வரவில்லை. மாதாந்திர அறிக்கையில் சிபிலிஸ் கண்டறியப்பட்ட கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று மேலே கேட்டிருக்கிறார். "ஜீரோ போடுங்க, காலியா விட்டா சிஸ்டம் எடுக்காது" என்று பதில் வந்திருக்கிறது. போட்டுவிட்டார். அவருக்கு வேறு வழி இல்லை.

பத்துக் கர்ப்பிணிகளுக்கு ரத்தம் பார்த்து ஒருவருக்கும் நோய் இல்லை என்றாலும் பூஜ்ஜியம். ஒருவருக்குமே பார்க்காமல் விட்டாலும் பூஜ்ஜியம். வட்டாரத்தில் இந்த இரண்டையும் கூட்டுகிறார்கள், மாவட்டத்தில் மறுபடி கூட்டுகிறார்கள், உங்கள் மேஜைக்கு வரும்போது அது நல்ல செய்தியாக வந்து சேர்கிறது. அதை வைத்து நீங்கள் கிட் வாங்குகிறீர்கள், மருந்து ஒதுக்குகிறீர்கள், ஆள் போடுகிறீர்கள். நோய் குறைவு என்று அறிக்கை சொல்வதால் கிட் குறைவாக வருகிறது. கிட் குறைவதால் அறிக்கையில் நோய் இன்னும் குறைகிறது. இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதாக நான் சொல்லவில்லை. ஆனால் இதற்கான விலையைக் கொடுக்கிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

என் பகுதியில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். முதல் குழந்தை ஏழாம் மாதத்துக்கு அப்புறம் வயிற்றிலேயே இறந்தது. இரண்டாவதும் அப்படியே. மாமியார் வீட்டில் நாக தோஷம் என்றார்கள், ராமேஸ்வரம் போய்ப் பரிகாரம் செய்துவிட்டு வந்தார்கள். மூன்றாவது கர்ப்பத்தில் அவளுடைய தாய்சேய் நல அட்டை பார்ப்பதற்குக் கச்சிதமாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, ஸ்கேன், சர்க்கரை, எச்.ஐ.வி. நெகட்டிவ் எல்லாம் இருந்தன. வி.டி.ஆர்.எல். என்ற சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை வரிக்கு நேரே ஒரு டிக் மட்டும் இருந்தது. முடிவு எழுதும் இடம் வெறுமை. அந்தக் குழந்தையும் இறந்து பிறந்தது. அப்போது பணியில் இருந்த ஓர் இளம் டாக்டர்தான் தாய்க்கு ஆர்.பி.ஆர். என்ற இன்னொரு சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னார். ரியாக்டிவ், அதாவது பாசிட்டிவ், அதுவும் அதிக டைட்டரில் (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் எவ்வளவு என்று காட்டும் அளவு). கணவனுக்கும் அதே. இருவருக்கும் வாரம் ஒன்றாக மூன்று வாரம் பென்சதின் பென்சிலின் ஊசி போட்டார்கள். அடுத்த குழந்தை நல்லபடியாகப் பிறந்து இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

இறந்த மூன்று குழந்தைகளுக்கும் பதிவேட்டில் 'காரணம் தெரியவில்லை' என்றுதான் இருக்கிறது. மூன்றாவதுக்குக் காரணம் தெரிந்த பிறகும் யாரும் திருத்தவில்லை. திருத்துவதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

நீங்கள் மருத்துவம் படித்தவர்கள், உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிபிலிஸ் கிருமி தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். தாய்க்குப் பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, பல பெண்களுக்குப் புண் வந்த நினைவே இருக்காது. குழந்தை குறைமாதத்தில் பிறக்கலாம், இறந்து பிறக்கலாம். உயிரோடு பிறந்தால் கல்லீரல் வீங்கியிருக்கலாம், உள்ளங்கையும் உள்ளங்காலும் தோல் உரிந்திருக்கலாம். பிறக்கும்போது எந்த அறிகுறியும் இல்லாமல் பிறகு எலும்பிலும் கண்ணிலும் காதிலும் காட்டுவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் உலகம் முழுவதும் சுமார் 7 லட்சம் பிறவி சிபிலிஸ் நேர்வுகள். அவற்றில் கருவிலோ பிரசவத்திலோ இறந்தவை சுமார் ஒன்றரை லட்சம், பிறந்து சில நாட்களில் இறந்தவை 70 ஆயிரம். இத்தனையையும் தடுப்பது 1940களிலிருந்து நம் கையில் இருக்கும் பென்சிலின். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்னால் அது தாயின் உடம்பில் ஏறியிருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

அந்த 30 நாள் இருப்பதால்தான் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். முடிவு எட்டாம் மாதக் கடைசியில் வந்தால், வந்தும் பயன் பாதிதான்.

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் செய்யத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று 1986இல் முதலில் கண்டுபிடித்தது நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். நம் நாட்டில் அந்த நோய் வராது என்று பெரியவர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அதற்குப் பிறகு 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை நாட்டிலேயே முதலில் தொடங்கியதும் நாம்தான். எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையங்கள் வந்தன, பால்வினை நோய்க்குச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையங்கள் வந்தன. ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்றால் அவளுடைய பிரசவத் தேதி, மாத்திரை, குழந்தையின் பரிசோதனை எல்லாவற்றையும் ஒருவர் பின்தொடர்கிறார். அந்தக் கண்காணிப்பால் எத்தனையோ குழந்தைகள் நோயில்லாமல் பிறந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அதே விரல், அதே ரத்தம், அதே நாள். ஒரே ஸ்ட்ரிப்பில் எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் சேர்த்துப் பார்க்கும் கிட்டே இருக்கிறது. அப்படியிருந்தும் சிபிலிஸ் பாசிட்டிவ் ஆன பெண்ணுக்குப் பின்னால் யாரும் போவதில்லை. எச்.ஐ.வி. வேலைக்குத் தனி நிதி, தனி ஆலோசகர், தனி மென்பொருள் வந்தன. சிபிலிஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. குழந்தை இறக்கும்போது எந்தக் கிருமிக்கு எந்தத் தலைப்பில் நிதி என்று பார்த்து இறப்பதில்லை.

சில மையங்களில் மட்டும் மாதிரிக்கு ரத்தம் பார்க்கும் எச்.ஐ.வி. சென்டினல் கண்காணிப்பு இருக்கிறதே என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கிறது, நல்ல வேலைதான். 1998 முதல் நாடு முழுவதும் நடக்கிறது. தேர்ந்தெடுத்த மையத்துக்கு 400 கர்ப்பிணிகளின் ரத்தம், பெயர் இல்லாமல். சமீப காலத்தில் அதில் சிபிலிஸும் சேர்ந்திருக்கிறது. நோய் மாநிலத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அது சொல்லும். ஆனால் எந்தப் பெண்ணுக்கு ஊசி போட வேண்டும் என்று அது சொல்லாது, சொல்லவும் கூடாது, ஏனென்றால் பெயரில்லாமல் எடுத்த ரத்தம் அது. தினசரிப் பரிசோதனையின் கணக்கு நம்பும்படி இல்லாத இடத்தில் மாதிரிக் கணக்கை வைத்து ஆறுதல் அடைய முடியாது.

கிட் ஒன்று மட்டும்தான் குறை என்று நினைத்துவிட வேண்டாம். முடிவு வந்த பிறகு நடப்பது இன்னும் மோசம். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் பென்சதின் பென்சிலின் போடப் பயப்படுகிறார்கள். அலர்ஜியில் ஒருவர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன், ஊசி போடுகிற கை என்னுடையதாகத்தான் இருந்தது. ஆனால் ருமாட்டிக் இதய நோய் உள்ள பிள்ளைகளுக்கு 21 நாளுக்கு ஒரு தடவை இதே பென்சதின் பென்சிலினை, பெனிடியூரைத்தானே வருடக்கணக்காகப் போடுகிறோம்? அலர்ஜி வந்தால் போடும் அட்ரினலின் ஆம்பியூலும் டாக்டரும் பக்கத்தில் இருந்தால் போடலாம். போடாமல் ஜி.எச்.சுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நிறைமாதத்தை நெருங்கும் பெண், இரண்டு பஸ் மாறி, கூலியை விட்டுவிட்டு, 'பால்வினை நோய்ப் பிரிவு' என்று போர்டு மாட்டிய வாசலில் போய் நிற்க வேண்டும். எத்தனை பேர் போவார்கள்? போகாதவர்களின் பெயர் எழுதிக் கொடுத்த நிலையத்தின் பதிவேட்டில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று முடிந்துவிடுகிறது. ஜி.எச்.சின் பதிவேட்டில் அவள் இல்லவே இல்லை. இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆள் யாரும் இல்லை.

இன்னொன்று, வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தரும் பிக்மி எண் அவளோடு போகிறது. சிகிச்சைச் சீட்டு போவதில்லை. எத்தனை ஊசி போட்டாள், கடைசி டைட்டர் என்ன, கணவனுக்கு மருந்து கொடுத்தார்களா என்று பிரசவம் பார்க்கும் இடத்துக்குத் தெரியாது. குழந்தையின் டைட்டரைத் தாயின் டைட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் குழந்தைக்குச் சிகிச்சை வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். ஒப்பிட எண்ணே இல்லை என்றால் டாக்டர் என்ன செய்வார்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் மில்களிலும் செங்கல் சூளைகளிலும் வேலை செய்யும் பெண்களுக்கு பிக்மி எண்ணும் பல சமயம் தாமதமாகத்தான் கிடைக்கிறது.

தனியார் மருத்துவமனைகள் பக்கம் வருகிறேன். அங்கே வி.டி.ஆர்.எல். பார்க்கிறார்கள், கட்டணமும் வாங்குகிறார்கள். பாசிட்டிவ் வந்தால் அந்தத் தகவல் அந்தக் கட்டடத்தோடு நின்றுவிடுகிறது. கணவன்மார்களோ பஸ் நிலையத்துக் கழிப்பறைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து லாட்ஜில் உட்காரும் வைத்தியரிடம் போகிறார்கள், அல்லது மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் வாங்கி விழுங்குகிறார்கள். சுகவாழ்வு மையத்தில் ஏழு நிறத்தில் மருந்துக் கிட் இருக்கிறது, பிறப்புறுப்புப் புண்ணுக்கு வெள்ளைக் கிட், அதில் பென்சிலினும் உண்டு, இலவசம். அது எத்தனை ஆண்களுக்குத் தெரியும்? ஆக, நாம் நோய்க் கணக்கு என்று சொல்வது அரசு மையத்துக்கு வந்தவர்களின் கணக்கு மட்டுமே.

எண்ணிக்கை கூடினால் மாவட்டத்துக்குக் கெட்ட பெயர் என்ற பயம் கீழே வரைக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் 2012இல் 335ஆக இருந்த பிறவி சிபிலிஸ் 2023இல் 3,882 ஆனது. பணமும் மருந்தும் நிறைந்த நாட்டுக்கு அது பெரிய தோல்விதான். ஆனால் அங்கே ஒவ்வொரு நேர்வையும் அறிவித்தாக வேண்டும் என்று விதி இருப்பதால் ஏறுகிறது என்றாவது தெரிந்தது. நமக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று உறுதியாகச் சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது?

பக்கத்திலேயே இலங்கையைப் பாருங்கள். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று வாங்கிவிட்டார்கள். அந்தச் சான்றுக்குக் கர்ப்பிணிகளில் 95 சதவீதம் பேருக்காவது சிபிலிஸ் பரிசோதனை நடந்திருக்க வேண்டும், நோய் உள்ளவர்களில் 95 சதவீதம் பேருக்காவது சிகிச்சை முடிந்திருக்க வேண்டும், ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குப் பிறவி சிபிலிஸ் 50க்கு மேல் போகக் கூடாது. தரவு நம்பத்தக்கதா, பெண்களின் உரிமை மதிக்கப்பட்டதா என்றும் ஆராய்வார்கள். கிராமத்து மருத்துவ மாதுவின் நோட்டிலிருந்து தலைநகர் வரைக்கும் அங்கே கணக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டமும் இதே ஒழிப்பைத்தான் இலக்காக எழுதி வைத்திருக்கிறது. பரிசோதிக்காத பூஜ்ஜியங்களைக் கூட்டி அந்த இலக்கை அடைந்துவிட்டதாக ஒருநாள் அறிவித்துவிடுவோமோ என்பதுதான் என் பயம்.

கணக்கெடுப்பு என்று சொன்னதும் சிலருக்கு ஆளைப் பிடித்துப் பெயர் எழுதுவது நினைவுக்கு வருகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. 1868இல் வெள்ளைக்காரன் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைப் போட்டு, பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, லாக் ஆஸ்பத்திரிகள் என்ற பால்வினை நோய் மருத்துவமனைகளில் அடைத்தான். சென்னையிலும் அது நடந்தது. சிப்பாய்களின் உடம்பைக் காப்பாற்றப் பெண்களை அடைத்த அந்தச் சட்டம் 1888இல் ஒழிந்தது. மனப்பான்மை இன்னும் முழுதாக ஒழியவில்லை. ஒரு மருத்துவமனையில், நான் கூட்டிக்கொண்டு போன கர்ப்பிணியிடம், வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, "உனக்கு அந்த நோய் இருக்கு, புருஷனைக் கூட்டிட்டு வா" என்றார்கள். கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதியும் வைத்தார்கள். இரண்டாவது ஊசிக்கு அவள் வரவில்லை. போன் எண்ணை மாற்றிவிட்டாள். எங்கே பிரசவம் ஆனது, குழந்தை என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளைக் கண்காணிப்பிலிருந்து துரத்தியது நாம்தான்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் வாங்காமல் பரிசோதிக்கக் கூடாது, நோய் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது, தரவைப் பாதுகாக்க வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறது. அதே வார்டில் அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் சிபிலிஸ் நோயாளிக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. முதலில் ரத்தம் கொடுப்பவள் மனைவி, முதலில் தெரிய வருவது அவளுக்கு, ஆகவே நோயைக் கொண்டுவந்தவள் என்ற பழியும் அவளுக்குத்தான். நோயைக் கொண்டுவந்தது கணவன் என்று தெரிந்த வீடுகளிலும் அடி வாங்கியது அவள்தான்.

மகப்பேறு மரணத்தில் நம் மாநிலம் செய்து காட்டியதை நான் பெருமையோடு சொல்வேன். ஒரு தாய் இறந்தால் மாவட்ட ஆட்சியர் முன்னால் உட்கார்ந்து எந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது, யார் எப்போது ரத்தம் ஏற்பாடு செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். அப்படிக் கேள்வி கேட்டதால்தான் இறப்பு குறைந்தது. இறந்து பிறக்கும் குழந்தைக்காக அந்த நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கிறோமா?

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

மாதாந்திர அறிக்கையில் அந்த ஒரு கட்டத்தை மூன்றாக்குங்கள்: பதிவான கர்ப்பிணிகள் எத்தனை, அவர்களில் சிபிலிஸ் பரிசோதனை முடிவு கையில் வந்தவர்கள் எத்தனை, பாசிட்டிவ் எத்தனை. கிட் இல்லாத மாதத்தில் 'கிட் இல்லை' என்றே பதிய மென்பொருளில் இடம் கொடுங்கள். அதை எழுதும் செவிலியர் மேல் நடவடிக்கை வராது என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை, இந்த மாதமே செய்யலாம்.

ஒவ்வொரு இறந்த பிறப்புக்கும் தாய்க்கு ஆர்.பி.ஆர். பார்த்து, முடிவு தெரிந்த பிறகுதான் காரணம் எழுத வேண்டும் என்று உத்தரவிடுங்கள். பிறகு தெரிய வந்தால் திருத்தவும் வழி வையுங்கள்.

பரிசோதனை பாசிட்டிவ் ஆனால் ஊசி போட்ட தேதி, டைட்டர், கணவனுக்குச் சிகிச்சை முடிந்ததா, குழந்தையின் முடிவு எல்லாம் பிக்மி எண்ணோடு சேர்ந்து பிரசவம் பார்க்கும் இடத்துக்குப் போகட்டும். அதைப் பார்க்கும் அனுமதி சிகிச்சை தரும் டாக்டருக்கும் அந்தப் பகுதிச் செவிலியருக்கும் மட்டும். யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்ற பதிவும் வேண்டும். பிறப்புப் பதிவுக்கே அந்த எண்ணைக் கேட்கிற மாநிலம் நாம். தனியார் மருத்துவமனையிடமும் பரிசோதனை முடிவை அந்த எண்ணின் கீழ் பதியச் சொல்ல நம்மால் முடியும். பிறவி சிபிலிஸைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்குங்கள், ஆனால் மாவட்டத்துக்கு மேலே போகும்போது பெயரும் முகவரியும் போக வேண்டாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பென்சதின் பென்சிலின் போடப் பயிற்சியும், அட்ரினலினும், 'முறைப்படி செய்திருந்தால் நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம்' என்ற எழுத்துபூர்வமான உறுதியும் கொடுங்கள். கடைசியாகச் சொன்னது இல்லாமல் முதல் இரண்டும் வேலைக்கு ஆகாது.

முதல் பதிவின்போதே கணவனையும் சேர்த்துப் பரிசோதிக்க அழையுங்கள், கட்டாயப்படுத்தாமல், இருவருக்கும் விளக்கிச் சம்மதம் வாங்கி. முடிவை மூடிய அறையில் சொல்ல வேண்டும் என்பதையும், கேஸ் ஷீட்டில் சிவப்பு மை கூடாது என்பதையும் எல்லா மருத்துவமனைக்கும் எழுத்தில் அனுப்புங்கள். எச்.ஐ.வி. சட்டம் தரும் பாதுகாப்பை மற்றப் பால்வினை நோய் உள்ளவர்களுக்கும் தரும்படி அரசாணை ஒன்றுக்குப் பரிந்துரை செய்யுங்கள்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை கர்ப்பிணிகளுக்குச் சிபிலிஸ் பரிசோதனை முடிவு கிடைத்தது, எத்தனை நாள் கிட் இல்லாமல் இருந்தது என்ற இரண்டு எண்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொதுவில் வெளியிடுங்கள். முதல் பட்டியல் வரும் காலாண்டு முடிவதற்குள் வெளிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டமாக நானே விண்ணப்பித்துக் கேட்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்